ஃபிரீட்மன் சமன்பாட்டைக் கணினியில் தீர்த்தால் பிரபஞ்ச வயது 1262 கோடி ஆண்டு வருகிறது: எங்கே இடறுகிறது?

வளைகோடு (கேள்வி)

பிரபஞ்ச விரிவுக்குப் பைத்தானில் ஒரு சின்ன மாதிரி எழுதியிருக்கிறேன். வழக்கமான குறியீடுகள் இங்கே சரியாகப் பதிவதில்லை என்பதால் தமிழ் எழுத்துகளையே பயன்படுத்துகிறேன்:

அ – அளவுக் காரணி (பிரபஞ்சம் இன்றைய அளவைப்போல எத்தனை மடங்கு), இன்று 1
ப – பொருளின் பங்கு, கரும்பொருளும் சேர்த்து 0.315
ல – லாம்டாவின் (மாறாத கரும் ஆற்றலின்) பங்கு 0.685
க – கதிர்வீச்சின் பங்கு, இப்போதைக்கு 0
வ – வளைவின் பங்கு, 1 − ப − ல − க

நேரத்தை ஹபிள் நேரத்தின் (1/ஹபிள் மாறிலி) மடங்காக எடுத்துக்கொண்டால், பிரபஞ்சம் விரியும் வேகத்தைத் தரும் ஃபிரீட்மன் சமன்பாடு இது (அ′ என்பது அ மாறும் வேகம்):

(அ′)² = ப/அ + க/அ² + வ + ல·அ²

அ = 0.001, நேரம் 0 என்று தொடங்கி, படி 0.01 வைத்து ஆய்லர் முறையில் (ஒவ்வொரு படியிலும் அப்போதைய அ′-ஐப் படியால் பெருக்கிக் கூட்டி) ஓட்டுகிறேன். அ கிட்டத்தட்ட 1 ஆகும்போது நேரம் 0.87. ஹபிள் மாறிலி (இன்றைய விரிவு வீதம்) மெகாபார்செக்குக்கு வினாடிக்கு 67.4 கி.மீ. என்றால் ஹபிள் நேரம் 1451 கோடி ஆண்டு. ஆக வயது 1262 கோடி. பிளாங்க் விண்கலத்தின் அளவீடு தருவது சுமார் 1380 கோடி. படியை 0.001 ஆக்கினால் 0.948, அதாவது 1375 கோடி வருகிறது.

இரண்டாவது சிக்கல்: மூடிய பிரபஞ்சம் ஒன்றை (ப = 2, ல = 0, வ = −1) ஓட்டினால் அ 2-ஐ நெருங்கியதும் வர்க்கமூலத்துக்குள் எதிர்ம எண் வந்து ‘நேன்’ (எண்ணே இல்லை என்ற விடை) கொடுக்கிறது. எதிர்மமானால் 0 எடுத்துக்கொள் என்று எழுதினால் அ 2-லேயே நின்றுவிடுகிறது, சுருங்குவதே இல்லை.

மூன்றாவது: தொலைவுக் கணக்கையும் சேர்க்கப் போகிறேன். சரிபார்க்க, கையால் போடக்கூடிய ஒரு கணக்கு இருந்தால் சொல்லுங்கள்.

---

முக்கோணி

எங்கோ ஹபிள் மாறிலிக்கு 73 போட்டிருப்பீங்க. இதே ப, ல வைத்துக்கொண்டு 73.04 போட்டால் வயது 1273 கோடி. கிட்டத்தட்ட உங்க விடைதான். ஹபிள் மாறிலியின் மதிப்பில் பிளாங்குக்கும் சூப்பர்நோவா அளவீட்டுக்கும் நடுவில் இருக்கிற இழுபறி தெரியுமில்லையா, அதுதான் இது.

---

வளைகோடு

இல்லை, 67.4 தான். அதோடு, ஓட்டத்தில் கிடைப்பது 0.87 என்ற அலகில்லாத எண். ஹபிள் மாறிலி அதற்குள் வரவே இல்லை, கடைசியில் பெருக்கும்போதுதான் வருகிறது.

---

எண்முறை

சரியாகச் சொன்னீர்கள். படியை மாற்றினால் விடை மாறுகிறது என்பதே போதும், குற்றம் எண்முறையில். மாறிலிகளை இப்போது தொட வேண்டாம்.

முதலில் ஒப்பிட ஒரு சரியான விடை வேண்டும். வளைவும் கதிர்வீச்சும் இல்லாத பிரபஞ்சத்துக்கு மூடிய சூத்திரமே இருக்கிறது:

நேரம் = (2 / (3√ல)) × ஆர்க்சின்ஹ்( √(ல·அ³/ப) )

அ = 1 போடுங்கள். 0.685/0.315-இன் வர்க்கமூலம் 1.4747, அதன் ஆர்க்சின்ஹ் 1.1806, அதை 0.8055-ஆல் பெருக்கினால் 0.9510. ஹபிள் நேரத்தால் பெருக்கினால் 1380 கோடி ஆண்டு. இனி உங்கள் நிரல் எட்ட வேண்டிய எண் 0.9510.

இப்போது உங்கள் முதல் படியை மட்டும் தனியாகப் பாருங்கள். அ = 0.001-இல் அ′ = √(0.315/0.001) = 17.75. படி 0.01. ஆகவே ஒரே தாவலில் அ 0.001-இலிருந்து 0.1785-க்குப் போய்விடுகிறது, உங்கள் கடிகாரத்தில் 0.01 தான் ஓடியிருக்கிறது. மேலே உள்ள சூத்திரப்படி 0.1785-ஐ எட்ட 0.0894 ஆகும். அந்த ஒரு படியிலேயே 0.079, அதாவது 115 கோடி ஆண்டு, காணாமல் போகிறது. உங்கள் மொத்தப் பிழை 118 கோடி. மீதி எண்பத்தைந்து சொச்சம் படிகளும் சேர்ந்து செய்த தவறு வெறும் 3 கோடி!

இதைக் கண்டதும் ரங்கே-குட்டாவுக்கு (ஆய்லரைவிடத் துல்லியமான உயர்வரிசை முறை) தாவத் தோன்றும். அதே படியோடு தாவினால் முதல் படி அப்போதும் கெட்டுத்தான் போகும். அ = 0.001 ஆகும்போது பிரபஞ்சத்தின் வயது 0.0000376. உங்கள் படி அதைப்போல 260 மடங்குக்கு மேல். தொடக்கத்தில் அ′ முடிவிலியை நோக்கிப் போகிறது. அங்கே எந்த உயர்வரிசை முறையின் டெய்லர் கணக்கும் செல்லாது.

மருந்து மாறியை மாற்றுவதில் இருக்கிறது. விரிந்துகொண்டே போகிற பிரபஞ்சம் என்றால் இதை வகைக்கெழுச் சமன்பாடாகப் பார்க்கவே தேவையில்லை, வெறும் தொகையீடு போதும். அ = ப²-ன்னு எழுதினால் பொருளின் குறியோடு குழம்பும், அதனால் அ = ம² என்று வைக்கிறேன்:

நேரம் = ∫ 2ம² / √(ப + ல·ம⁶) டிம, ம 0-இலிருந்து 1 வரை

0-இல் முரண்டு பிடித்த முனை மழுங்கிப் போய்விட்டது. ம = 0, 0.25, 0.5, 0.75, 1 ஆகிய ஐந்தே இடங்களில் உள்ளே இருப்பதன் மதிப்பு 0, 0.2227, 0.8761, 1.7020, 2. சிம்சன் விதி:

(0.25/3) × [0 + 4(0.2227 + 1.7020) + 2(0.8761) + 2] = 0.9542

1384 கோடி ஆண்டு. நான்கு கூறுகளில், கால்குலேட்டரில், பிழை 0.3 விழுக்காடு. நிரலில் ஐம்பது கூறு வைத்தால் எதேஷ்டம்.

கதிர்வீச்சைச் சேர்க்கும்போது க = 0.000092 வையுங்கள் (67.4-க்கு, நியூட்ரினோக்களையும் நிறையற்றவையாகக் கணக்கில் சேர்த்து). ல-வை 0.685 என்று விட்டுவிட்டால் வ தானாகவே −0.000092 ஆகிவிடும், தட்டையான பிரபஞ்சம் என்று நினைத்துக்கொண்டு வளைந்த ஒன்றை ஓட்டுவீர்கள். ல = 1 − ப − க என்று எழுதிவிடுங்கள். இன்றைய வயதில் கதிர்வீச்சால் வரும் மாற்றம் ஒரு கோடி ஆண்டுக்கும் குறைவு. ஆனால் செம்பெயர்ச்சி 1090-இல், நுண்ணலைப் பின்னணி கிளம்பிய காலத்தில், கதை வேறு: கதிர்வீச்சு இல்லாமல் 4.8 லட்சம் ஆண்டு என்று வரும், சேர்த்தால் 3.7 லட்சம். அந்தக் காலத்தைப் பற்றி ஏதாவது கணக்கிடப் போகிறீர்கள் என்றால் ‘சின்ன எண்தானே’ என்று விடக்கூடாது.

சைபையின் (பைத்தானின் அறிவியல் நூலகம்) தானியங்கித் தீர்ப்பானுக்குக் கொடுப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. அதன் இயல்பான தனிப்பிழை வரம்பு 10⁻⁶. அ = 10⁻⁸-இல் தொடங்கினால், அ-வைவிட நூறு மடங்கு பெரிய பிழையையும் அது நல்ல விடை என்று ஏற்றுக்கொள்ளும். நேரத்தை வினாடியில் வைத்தால் இன்னும் மோசம்: ஹபிள் மாறிலி வினாடிக்கு 2.184 × 10⁻¹⁸, அ′-உம் அந்த அளவில்தான் இருக்கும், பிழைக் கட்டுப்பாடு என்று ஒன்று நடைமுறையில் கிடையாது. நீங்கள் ஹபிள் நேரத்தை அலகாக எடுத்தது நல்ல முடிவு, அதை விடாதீர்கள்.

---

திரும்புபுள்ளி

இரண்டாவது சிக்கலுக்கு வருகிறேன்.

அ 2-இல் நிற்பதற்கு நிரல்மேல் பழி போட முடியாது. ப = 2, வ = −1-க்கு (அ′)² = 2/அ − 1. அ = 2 என்று எப்போதும் இருந்தால் இரண்டு பக்கமும் 0. சமன்பாடு முழுக்க நிறைவேறுகிறது! முதல்வரிசைச் சமன்பாட்டுக்கு அதுவும் ஒரு முறையான தீர்வுதான். வர்க்கமூலத்தின் சாய்வு அந்த இடத்தில் முடிவிலி, அதனால் தீர்வு ஒன்றே ஒன்றுதான் என்ற உத்தரவாதம் அங்கே அறுந்துபோகிறது. மேலும் வர்க்கமூலம் எடுக்கும்போது நீங்கள் நேர்ம குறியை மட்டும் வைத்துக்கொண்டீர்கள். சுருங்கும் கிளை எதிர்ம குறியில் இருக்கிறது. அங்கே போக நிரலுக்கு வழியே இல்லை.

எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது இரண்டாம்வரிசைச் சமன்பாட்டுக்குத்தான் தெரியும்: அ″ = −ப/(2அ²) − க/அ³ + ல·அ. அ = 2-இல் அது −0.25. நிற்க விடாது, கீழே இழுத்துவிடும்.

ஆனால் அதை அப்படியே ஓட்டினால் அ = 0-க்குப் பக்கத்தில் எண்முறை சொன்ன அதே தொல்லை. இரண்டையும் ஒரே அடியில் தீர்க்க, இணக்க நேரத்துக்கு (அதை ‘இ’ என்போம்) மாறுங்கள். சாதாரண நேரத்தின் சிறு மாற்றம் = அ × இ-யின் சிறு மாற்றம். இ-யைப் பொறுத்து வகையிட்டால்

(அ′)² = க + ப·அ + வ·அ² + ல·அ⁴
அ″ = ப/2 + வ·அ + 2ல·அ³

வகுத்தலும் இல்லை, வர்க்கமூலமும் இல்லை. அ = 0-லேயே தொடங்கலாம், தொடக்க அ′ = √க. கதிர்வீச்சு இல்லாவிட்டால் அது 0 ஆகும். பரவாயில்லை, ப/2 தானே தள்ளிவிடும். கூடவே நேரம்′ = அ என்ற மூன்றாவது வரியையும் சேர்த்து ஓட்டுங்கள்.

உங்கள் மூடிய பிரபஞ்சத்துக்கு இது அ″ = 1 − அ ஆகிறது. பள்ளிக்கூட அலைவுச் சமன்பாடு. விடை அ = 1 − காஸ் இ, நேரம் = இ − சைன் இ. சரிபார்க்க வேண்டிய எண்கள்:

இன்று (அ = 1): இ = π/2, நேரம் 0.5708, அதாவது 828 கோடி ஆண்டு
உச்சம் (அ = 2): இ = π, நேரம் 3.1416, அதாவது 4558 கோடி
மறுபடி 0: இ = 2π, நேரம் 6.2832, அதாவது 9115 கோடி

இங்கே ஒரு பொறி உண்டு. இ 2π-யைத் தாண்டினாலும் நிரல் முனகாமல் ஓடும், அ மறுபடி வளரத் தொடங்கும். துள்ளி எழும் பிரபஞ்சத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக மகிழ வேண்டாம். சமன்பாடு வழுவழுப்பாக இருப்பதால் கணிதம் தொடர்கிறது, அவ்வளவுதான். அடர்த்தி முடிவிலியான இடத்துக்கு அப்பால் இந்தக் கோட்பாடு எதையும் சொல்வதில்லை. அ மீண்டும் 0-ஐத் தொட்டதும் நிறுத்த ஒரு நிபந்தனை எழுதுங்கள்.

முதல்வரிசைச் சமன்பாட்டைத் தூக்கி எறிய வேண்டாம். ஒவ்வொரு படியிலும் (அ′)²-இலிருந்து வலப்பக்கத்தைக் கழித்து அந்த மிச்சத்தை வரைந்து பாருங்கள். 0-ஐ ஒட்டியே கிடந்தால் ஓட்டம் நன்றாகப் போகிறது. ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போனால் படி பெரிது. மிச்சம் தொடக்கத்திலேயே 0 இல்லை என்றால் தொடக்க அ′-ஐக் கணக்கிட்டதில் பிழை.

ஃபிரீட்மன் 1922-இல் எடுத்துக்கொண்டதும் நேர்ம வளைவுள்ள பிரபஞ்சத்தைத்தான். எதிர்ம வளைவு 1924-இல்தான் வந்தது. ஆக, நீங்கள் ஓட்டிப் பார்ப்பது இந்தத் துறையின் மிகப் பழைய மாதிரிகளில் ஒன்று.

---

செம்பெயர்ச்சி

தொலைவுக்கு நான்.

செம்பெயர்ச்சியை ‘செ’ என்று வைத்தால் 1 + செ = 1/அ. விரிவு வீதம் இன்றைய மதிப்பின் எத்தனை மடங்கு என்பதை ‘வீ’ என்போம். தட்டையான பிரபஞ்சத்தில் வீ = √(ப(1+செ)³ + ல). உடன்நகர் தொலைவு (பொருள் இன்று இருக்கும் தொலைவு) = ஹபிள் தொலைவு × ∫ (1/வீ) டிசெ. ஹபிள் தொலைவு என்பது ஒளியின் வேகத்தை ஹபிள் மாறிலியால் வகுத்தது: 299792.458 / 67.4 = 4448 மெகாபார்செக்.

செ = 1-க்குக் கையால்:

செ 0: 1/வீ = 1
செ 0.25: 0.8770
செ 0.5: 0.7563
செ 0.75: 0.6491
செ 1: 0.5586

சிம்சன் போட்டால் (0.25/3) × [1 + 4(0.8770 + 0.6491) + 2(0.7563) + 0.5586] = 0.7646. தொலைவு 3401 மெகாபார்செக், அதாவது 1109 கோடி ஒளியாண்டு.

இந்த ஒரு எண்ணிலிருந்து மற்றவை: ஒளிர்வுத் தொலைவு (1+செ)-ஆல் பெருக்கி 6802, கோண விட்டத் தொலைவு (1+செ)-ஆல் வகுத்து 1701. சூப்பர்நோவாத் தரவோடு ஒப்பிடத் தொலைவுக் குறியீட்டெண் (ஒளிர்வுத் தொலைவை மடக்கை அளவில் சொல்லும் எண்) 44.16. பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்துவிட்டால் 4 மடங்கு வித்தியாசம், குறியீட்டெண்ணில் 3.01. வரைபடத்தில் செ = 1 பக்கம் மூன்று அளவுக்குத் தரவும் கோடும் விலகி நின்றால் வேறெங்கும் தேட வேண்டாம், இதுதான். கோண விட்டத் தொலைவு செ 1.6 வாக்கில் உச்சம் தொட்டு அதற்குப் பிறகு குறையும். அதைப் பார்த்துப் பிழை என்று நினைத்துத் ‘திருத்தி’விடாதீர்கள்.

அடிக்கடி குழம்பும் இன்னொன்று பயண நேரம். எண்முறை தந்த சூத்திரத்தில் அ = 0.5 போட்டால் அப்போதைய வயது 585 கோடி. ஒளி வந்துகொண்டிருந்தது 795 கோடி ஆண்டு. ஆனால் அந்த விண்மீன் மண்டலம் இன்று இருப்பது 1109 கோடி ஒளியாண்டில், ஒளி கிளம்பியபோது இருந்தது அதில் பாதியில். மூன்றும் சரியான எண்கள், மூன்று வேறு கேள்விகளுக்கு. வரைபடத்தின் அச்சில் எது என்று எழுதாமல் ‘தொலைவு’ என்று மட்டும் போட்டால் படிப்பவர் பாடு திண்டாட்டம்.

வளைவு இருந்தால் தொகையீட்டை நேரடியாகப் பயன்படுத்த முடியாது. வ எதிர்மம் (மூடியது) என்றால் √|வ|-ஆல் பெருக்கி, சைன் எடுத்து, √|வ|-ஆல் வகுக்க வேண்டும். வ நேர்மம் என்றால் சைனுக்குப் பதில் சைன்ஹ். |வ| 10⁻⁶-க்குக் கீழே போனால் தட்டை என்றே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வ சரியாக 0 ஆகும்போது 0-ஆல் வகுப்பீர்கள்.

---

முக்கோணி

1273-ஐயும் 1262-ஐயும் பார்த்ததும் முடிவுக்கு வந்துட்டேன், அலகில்லாத எண் என்பதைக் கவனிச்சிருக்கணும். ஒரு சின்ன சேர்க்கை: விரிவு எப்போது வேகம் பிடிச்சதுன்னும் உங்க நிரலைச் சோதிக்கலாம். சாதாரண நேரத்து அ″ 0 ஆகும் இடம் அ³ = ப/(2ல), அ = 0.613, செ = 0.63, அப்போ வயது 769 கோடி. லாம்டாவும் பொருளும் சமமாகும் இடம் இது இல்லை. அது அ³ = ப/ல, அ = 0.772, வயது 1030 கோடி. இரண்டுக்கும் நடுவில் 260 கோடி ஆண்டு இருக்கு, பலர் ஒன்றாகவே எழுதிடறாங்க. இணக்க நேரத்து அ″-ஐ வைத்து இதைத் தேடாதீங்க, தட்டையான பிரபஞ்சத்தில் அது 0 ஆகவே ஆகாது.

---

வளைகோடு

மூன்றும் சரியாகிவிட்டன. இணக்க நேரத்தில் 0.9510, மூடியதற்கு 3.1416, தொலைவு 3401. எல்லோருக்கும் நன்றி.

அடுத்து மாறும் கரும் ஆற்றல். நிலைச் சமன்பாட்டு எண்ணை (கரும் ஆற்றலின் அழுத்தத்துக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதம்) நி = நி₀ + நி₁(1 − அ) என்று வைத்து, ல-வை அ-வின் −3(1+நி) அடுக்கால் பெருக்கினேன். நி₀ = −0.9, நி₁ = −0.6. தொலைவுகள் எதிர்பார்த்ததோடு ஒத்துவரவில்லை.

---

எண்முறை

அந்த அடுக்கு நி மாறிலியாக இருந்தால் மட்டும் செல்லும். நி மாறும்போது, இன்றைய அடர்த்தியிலிருந்து அந்தக் காலம் வரை வழிநெடுகத் தொகையிட வேண்டும். அந்த நேரத்து நி-யை மட்டும் அடுக்கில் போட்டால், அந்தக் காலத்திலிருந்து இன்றுவரை நி அந்த ஒரே மதிப்பில்தான் இருந்தது என்று சொன்னதாகிவிடும். உங்கள் வடிவத்துக்குத் தொகையீடு மூடிய விடை தருகிறது. பெருக்க வேண்டிய காரணி ‘ச’:

ச = அ^(−3(1 + நி₀ + நி₁)) × எக்ஸ்ப்(−3·நி₁·(1 − அ))

அ = 0.5-இல் உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். அங்கே நி = −1.2, நீங்கள் எழுதியது 0.5-இன் 0.6-ஆம் அடுக்கு, 0.660. சரியானது 0.3536 × 2.4596 = 0.870. கரும் ஆற்றலின் அடர்த்தியில் கால்பங்கு தொலைந்திருக்கிறது. நி₀ −1-ஐவிடக் கூடுதல், நி₁ எதிர்மம் என்ற மூலையைத்தான் டெசியின் (விண்மீன் மண்டலங்களின் பரவலை அளக்கும் ஆய்வு) அளவீடுகளும் சூப்பர்நோவாத் தரவும் சேர்ந்து 2024-இலிருந்து சுட்டுகின்றன. அதனால் இப்போது பலரும் இந்த இடத்தில்தான் எண்களைப் போடுகிறார்கள், பலரும் இதே இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

இணக்க நேரச் சமன்பாட்டையும் மாற்ற வேண்டும். (அ′)²-இல் ல·அ⁴ இருக்கும் இடத்தில் ல·அ⁴·ச. அ″-இல் 2ல·அ³ இருக்கும் இடத்தில் ½·ல·அ³·ச·(1 − 3நி), இங்கே நி அந்த நேரத்து மதிப்பு. நி = −1, ச = 1 போட்டால் பழைய 2ல·அ³ திரும்ப வர வேண்டும். ஒன்றை மாற்றி மற்றதை மறந்தால் திரும்புபுள்ளி சொன்ன மிச்சம் உடனே ஒரு பக்கமாக நகரத் தொடங்கும், அங்கேயே பிடித்துவிடலாம்.